மூன்றாவது மாதமும் மாத்திரை கிடைக்க: பெங்களூரு வார்டு சுகாதார நிலையத்தைச் சீர்படுத்தும் வழிமுறை

அல்சூர், ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம், நீலசந்திரா என்று பெங்களூரில் தமிழர்கள் நெருக்கமாக வாழும் ஏரியா எதுவானாலும், காலையில் பவ்ரிங், விக்டோரியா போன்ற பெரிய அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் பஸ் ஏறுகிறவர்களில் பலர் போவது பிபி மாத்திரைக்கும் சுகர் மாத்திரைக்கும்தான். நடந்து போகிற தூரத்தில் இருக்கும் நம்ம கிளினிக்கிலோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவசமாகக் கிடைக்க வேண்டிய மாத்திரை அது. அவர்களும் அங்கே போய்ப் பார்த்தவர்கள்தான். முதல் மாதம் முப்பது நாளைக்குக் கொடுத்தார்கள். இரண்டாம் மாதம் பத்து நாளைக்கு. மூன்றாம் மாதம், “ஸ்டாக் வரலம்மா, வெளிய வாங்கிக்கோங்க.” அதற்குப் பிறகு அந்தப் படியை ஏன் மிதிக்கப் போகிறார்கள்?

சுகாதார நிலையத்தைப் பலப்படுத்துவது என்றதும் புதுக் கட்டடம், புது மெஷின், சுவரில் வண்ணம் என்றுதான் பேச்சு தொடங்கும். எங்கள் கணிப்பில் வரிசையே வேறு. மருந்து தீராமல் இருக்க வேண்டும். வராமல் நின்றவர் யார் என்று நிலையத்துக்குத் தெரிய வேண்டும். இந்த இரண்டும் சரியானால் கூட்டம் தானாக வரும். கூட்டம் வந்தால் ஆள் கேட்கலாம், கட்டடமும் கேட்கலாம். காலியாகக் கிடக்கும் நிலையத்துக்கு இரண்டாவது நர்ஸ் கேட்டால் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார்.

வார்டுக் குழுவில் இருப்பவர்கள், தெருப் பெண்களின் குழுவான மகளிர் ஆரோக்கிய சமிதியில் இருப்பவர்கள், நிலையத்தின் நிர்வாகக் குழுவான ஆரோக்கிய ரக்ஷா சமிதி உறுப்பினர்கள், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களான ஆஷாக்கள், தங்கள் நிலையத்தை ஒழுங்குபடுத்த நினைக்கும் மருத்துவ அலுவலர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் எது யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே வார்டில் இரண்டு மூன்று வகை நிலையங்கள் இருக்கலாம். தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் 2013-ல் வந்தபோது 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்று கணக்கு வைத்தார்கள். நம்ம கிளினிக் 2022 டிசம்பரில் கர்நாடக அரசு தொடங்கியது. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு லேப் டெக்னீஷியன், ஒரு உதவியாளர் கொண்ட சின்ன அமைப்பு. இவை தவிர மாநகராட்சியின் பிரசவ ஆஸ்பத்திரிகள் தனி. முன்பு பெரும்பாலானவற்றுக்குப் பிபிஎம்பி என்ற ஒரே மாநகராட்சிதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் அதன் இடத்தில் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. ஆகவே உங்கள் வார்டு இப்போது எந்த மாநகராட்சியில் இருக்கிறது, அதன் சுகாதார அதிகாரி யார், அலுவலகம் எங்கே என்பதை முதல் வாரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய முகவரிக்குப் போட்ட மனு மேசைக்கு மேசை சுற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது வரைபடம். ஒரு வெள்ளைத்தாளில் மெயின் ரோடு, கிராஸ் எல்லாம் கையால் வரையுங்கள். ஒவ்வொரு ஆஷாவும் எந்த கிராஸிலிருந்து எந்த கிராஸ் வரை பார்க்கிறார் என்று கோடு போடுங்கள். நகரத்தில் ஒரு ஆஷாவுக்கு 200 முதல் 500 வீடுகள் என்பது விதி. கோடு போட்டு முடித்ததும் வெள்ளையாக மிச்சம் நிற்கும் இடங்கள் கண்ணில் படும். பெரும்பாலும் அவை ஒரே மாதிரியான இடங்கள்: ஒரே வாசலுக்குள் பத்துக் குடித்தனம் இருக்கும் வட்டாரங்கள், கட்டட வேலைக்காரர்களின் தகர ஷெட்டுகள், ரயில் பாதை ஓரம், பிஜி விடுதிகள். இரண்டு ஆஷாக்களும் “அது அவங்க பக்கம்” என்று விட்டிருப்பார்கள். தடுப்பூசி விட்டுப்போன குழந்தையும் மூன்று மாதமாக இருமும் ஆளும் அங்கேதான் இருப்பார்கள்.

பிரேசில் 1994-ல் தொடங்கிய குடும்ப சுகாதாரத் திட்டத்திலும், கோஸ்டா ரிகா 1995 முதல் அமைத்த சிறு மருத்துவக் குழுக்களிலும் அடிப்படை ஒன்றுதான்: ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு குழுவின் பட்டியலில் பெயரோடு இருக்கும். வாசலுக்கு வந்தவர்களை மட்டும் பார்க்கிற நிலையத்துக்கும், தன் பட்டியலில் வராதவர் யார் என்று கேட்கிற நிலையத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது. வெள்ளையாக நிற்கும் இடங்களுக்கு ஆஷா பெயர் எழுதாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

மருந்துக் கணக்கு

மருந்து தீர்ந்துபோவதற்கு அரசு அனுப்பவில்லை என்பது ஒரு காரணம்தான். நிலையமே குறைத்துக் கேட்பது அதே அளவுக்குப் பெரிய காரணம், ஆனால் வெளியே தெரியாது. எப்படி என்று ஒரே ஒரு மாத்திரையை வைத்துப் பாருங்கள்.

பிபிக்குத் தரும் அம்லோடிபின் 5 மி.கி. கடந்த ஆறு மாதத்தில், அதாவது 180 நாளில், 36,000 மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபார்மசிஸ்ட் ஆறால் வகுத்து மாதத்துக்கு 6,000 என்று கிடங்குக்கு இண்டென்ட் (மருந்து கேட்கும் சீட்டு) போடுவார். ஆனால் அந்த 180 நாளில் 45 நாள் மாத்திரையே இல்லை. மாத்திரை இருந்தது 135 நாள்தான். 36,000-ஐ 135-ஆல் வகுத்தால் நாளைக்கு ஏறத்தாழ 267, மாதத்துக்கு 8,000. இண்டென்டில் மாதாமாதம் 2,000 மாத்திரை குறைகிறது. தினம் ஒன்று வீதம் அறுபத்தாறு பேரின் மாத்திரை அது. அடுத்த ஆறு மாதமும் தட்டுப்பாடு வரும், கொடுத்த எண்ணிக்கை இன்னும் குறையும், அதை வைத்துப் போடும் இண்டென்ட் அதைவிடக் குறையும். சுருக்கு இறுகிக்கொண்டே போகும்.

ஆகவே சூத்திரம் இது: கொடுத்த மொத்தம் வகுத்தல் ஸ்டாக் இருந்த நாட்கள், பெருக்கல் 30. இல்லாத நாட்களைக் கழிக்க வேண்டுமென்றால் அவை எவை என்று தெரிய வேண்டுமே. அதற்கு ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் அட்டை: வந்த தேதி, வந்த அளவு, கொடுத்தது, மீதி, காலாவதி மாதம். மீதி பூஜ்யம் ஆன தேதியைச் சிவப்பில் எழுதுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றுகிற நிலையங்களிலும் இந்த அட்டை வேண்டும். நெட் இல்லாத நாளில் கொடுத்ததைச் சேர்த்து இரண்டு நாள் கழித்து ஏற்றுவார்கள். திரையில் இருக்கும் மீதியும் அலமாரியில் இருக்கும் மீதியும் ஒத்துப்போகாது.

கிடைத்த எண்ணை இன்னொரு பக்கத்திலிருந்து சரிபாருங்கள். பதிவேட்டில் தினம் ஓர் அம்லோடிபின் சாப்பிடுகிறவர்கள் 270 பேர் என்றால் மாதத் தேவை 8,100. மேலே வந்த 8,000-க்கு இது பக்கத்தில் இருக்கிறது, சரி. கொடுத்த கணக்கில் 5,000 என்று வந்தால் பதிவேட்டில் இருப்பவர்கள் வருவதில்லை. 12,000 என்று வந்தால் பதிவேட்டில் ஏறாதவர்களுக்கு மாத்திரை போகிறது, அல்லது எங்கோ கசிகிறது.

எப்போது கேட்பது என்பதும் கணக்குதான். கிடங்கிலிருந்து வர வழக்கமாக 45 நாள் ஆகிறது என்றால் அந்த 45 நாளைக்கு 12,000, தாமதத்துக்குக் கைவசம் ஒரு மாதத்துக்கு 8,000, ஆக 20,000. மீதி 20,000-க்கு இறங்கிய அன்றே இண்டென்ட் போக வேண்டும். “தீரப் போகுது” என்று தோன்றும்போது போட்டால் தீர்ந்த பிறகுதான் வரும்.

எல்லா மருந்துக்கும் இதைச் செய்ய ஆள் போதாது. பத்தைத் தேர்ந்தெடுங்கள்: அம்லோடிபின், டெல்மிசார்டன், மெட்ஃபார்மின் 500, பாராசிட்டமால், அமாக்சிசிலின், ஓஆர்எஸ், ஜிங்க், இரும்புச்சத்து மாத்திரை, சால்புட்டமால் இன்ஹேலர், குளுக்கோமீட்டர் பட்டை. வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என்று வைத்துக்கொண்டு, இந்தப் பத்தையும் கையால் எண்ணி அட்டையோடு ஒப்பிடுங்கள். இருபது நிமிட வேலை. சமிதி உறுப்பினர் ஒருவர் கூட நின்றால் போதும். திருட்டைப் பிடிக்க வந்தவர் போல நிற்க வேண்டாம்.

காலாவதி நெருங்குவது முன்னால், புதிது பின்னால். எது முதலில் வந்தது என்று பார்க்காதீர்கள், எது முதலில் காலாவதி ஆகும் என்று பாருங்கள். பின்னால் வந்த பெட்டி முன்னால் காலாவதி ஆவது அடிக்கடி நடக்கும். மூன்று மாதத்துக்குள் காலாவதி ஆகும், ஆனால் செலவாகாது என்று தெரிந்தால் பக்கத்து நிலையத்துக்கு எழுதிக்கொடுத்து மாற்றுங்கள். மருந்து அறையில் வெயில் நேராகப் படக்கூடாது. பெட்டிகள் தரையிலும் சுவரிலும் ஒட்டி இருந்தால் மழைக்காலத்தில் அடி அட்டை ஊறிவிடும். நாலு அங்குலம் உயர்த்திய பலகை போதும்.

தமிழ்நாட்டில் 1995 முதல் மருந்து வழங்கும் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகத்தைப் பற்றி உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அங்கே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். அதில் அந்த நிலையத்தின் ஒதுக்கீடு ரூபாயில் இருக்கும். எடுத்த மருந்தின் விலை அதில் கழியும். தனக்கு எவ்வளவு பாக்கி இருக்கிறது, எதை எடுப்பது என்று நிலையமே தீர்மானிக்கலாம், வேண்டாததைத் தலையில் கட்டுவது குறையும். கர்நாடகத்தின் ஏற்பாடு வேறு. ஆனாலும் உங்கள் நிலையத்துக்குக் கிடங்கிலிருந்து இந்த ஆண்டு எந்த மருந்து எவ்வளவு வந்தது என்ற ஒரு பக்கக் கணக்கை நீங்களே பாஸ்புக் மாதிரி எழுதி வைக்கத் தடையேதும் இல்லை.

வராமல் நின்றவரைத் தெரிந்துகொள்வது

ரத்த அழுத்தத்தில் தொடங்குங்கள். நிறையப் பேருக்கு இருக்கிறது, மருந்து மலிவு, அளப்பது எளிது. இதை ஒழுங்காக நடத்தக் கற்ற நிலையம் சுகர், ஆஸ்துமா, வலிப்பு எதையும் நடத்திவிடும். 2017-ல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி இதற்கு நல்ல முறையைத் தந்திருக்கிறது: எல்லா நோயாளிக்கும் ஒரே மருந்து வரிசை, மாதாமாதம் மாத்திரை, டாக்டரோடு நர்ஸும் சேர்ந்து பார்ப்பது, வராதவரைத் தேடுவது.

முதலில் அளவு சரியாக இருக்க வேண்டும். படி ஏறி மூச்சு வாங்க வந்தவரை உடனே அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கை இதய உயரத்தில் மேசை மேல். அரை மணி நேரத்துக்குள் காபி, பீடி, புகையிலை கூடாது. அளக்கும்போது பேசக்கூடாது, நீங்களும் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். பருத்த கைக்குச் சின்னக் கஃப் (கையில் சுற்றும் பட்டை) கட்டினால் அளவு ஏறிக் காட்டும். பெரிய கஃப் ஒன்று கட்டாயம் வாங்கி வையுங்கள். பதிவேட்டில் வரிசையாக 130/80, 140/90, 120/80 என்றே இருந்தால் யாரோ அளக்காமல் எழுதுகிறார்கள், அல்லது குத்துமதிப்பாக முழு எண்ணுக்கு மாற்றுகிறார்கள். டிஜிட்டல் மெஷினில் 137/86 மாதிரி எண்கள்தான் வரும்.

அடுத்து, அட்டைப் பெட்டி. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. 31 அறைகள் கொண்ட ஒரு மரப்பெட்டி அல்லது 31 கவர்கள். இன்று வந்தவரின் அட்டையை அவர் அடுத்து வர வேண்டிய தேதியின் அறையில் வையுங்கள். அன்றைய தேதியில் அவர் வந்தால் அட்டை எடுக்கப்பட்டு அடுத்த தேதிக்குப் போகும். சாயங்காலம் அந்த அறையில் மிச்சம் கிடக்கும் அட்டைகள்தான் வராதவர்கள். எந்த ஆப்பும் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம். ஆப் இருந்தால் நல்லதுதான், பெட்டியும் இருக்கட்டும்.

மிச்சம் கிடக்கும் அட்டைகளைச் சனிக்கிழமை ஏரியா வாரியாகப் பிரித்து ஆஷாவிடம் கொடுங்கள். முதலில் போன், இரண்டு வாரம் ஆகியும் வராவிட்டால் வீடு. இங்கேதான் பதிவு செய்த விதம் கைகொடுக்கும் அல்லது காலை வாரும். “முனியம்மா, 4-ஆவது கிராஸ்” என்று எழுதினால் யார் கண்டுபிடிப்பது? கோயில், ரேஷன் கடை, தண்ணி டேங்க் என்று பக்கத்து அடையாளம் எழுதுங்கள். இரண்டு போன் நம்பர் வாங்குங்கள். ஒன்று மகன், மகள் அல்லது வீட்டுக்காரர் நம்பர். நம் ஆட்களின் பெயரில் இன்னொரு தொல்லை உண்டு: ஆதாரில் எஸ். முருகன், ரேஷன் கார்டில் முருகன் சுப்பிரமணி, சிஸ்டர் கன்னடத்தில் எழுதும்போது முருகா. ஒரே ஆள் மூன்று அட்டையாகிவிடுவார். பெயரோடு அப்பா அல்லது வீட்டுக்காரர் பெயரும் வயதும் சேர்த்து எழுதி, ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை நோயாளியின் கைச்சீட்டிலும் பெரிதாக எழுதுங்கள்.

நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று கேட்டு அட்டையில் ஒரே சொல்லில் குறியுங்கள். ஊருக்குப் போனது, மாத்திரை இல்லை என்றது, வேலை நேரம், கால் வீக்கம், சரியாகிவிட்டது என்று நினைத்தது என ஐந்தாறு காரணங்களுக்குள் அடங்கிவிடும். அம்லோடிபின் சிலருக்குக் காலில் வீக்கம் கொடுக்கும். யாரும் சொல்லாவிட்டால் அவர்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றுவார், அவ்வளவுதான். ஊருக்குப் போவது பெங்களூரு தமிழ்க் குடும்பங்களில் சாதாரணம்: பொங்கல், ஆடித் திருவிழா, பள்ளி லீவு, கல்யாணம், சாவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை என்று கிளம்பினால் பதினைந்து நாள், ஒரு மாதம் ஆகும். ஜனவரி முதல் வாரத்திலும் ஜூலை நடுவிலும் வருகிறவர்களுக்கு அறுபது நாள் மாத்திரை கொடுக்க டாக்டரின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கி, அந்த மாத இண்டென்டையும் அதற்கேற்ப ஏற்றிப் போடுங்கள்.

மாதக் கடைசியில் ஒரு கணக்கு. மூன்று மாதத்துக்கு முன்பே பதிவானவர்கள் 300 பேர். இந்த மூன்று மாதத்தில் வந்தவர்கள் 210. கடைசியாக வந்தபோது 140/90-க்குக் கீழ் இருந்தவர்கள் 150. கட்டுப்பாடு எவ்வளவு? 150-ஐ 210-ஆல் வகுத்து 71 சதவீதம் என்று எழுதினால் கூட்டத்தில் கைதட்டு கிடைக்கும். சரியான விடை 50 சதவீதம், ஏனென்றால் வராத 90 பேரும் உங்கள் பொறுப்பு. அந்த 90-ஐயும், வந்தும் குறையாத 60-ஐயும் தனித்தனியாகப் பாருங்கள். 90-க்குத் தீர்வு ஆஷாவிடம் இருக்கிறது, 60-க்கு டாக்டரிடம். அளவு குறையாதபோதும் மாதாமாதம் அதே மாத்திரையை அதே அளவில் எழுதித் தள்ளுவது நம் நிலையங்களில் நிறைய நடக்கிறது.

நேரம்

நம்ம கிளினிக் வழக்கமாகக் காலை 9 முதல் மாலை 4.30 வரை. கார்மென்ட்ஸ் போகிறவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், கட்டட வேலை பார்க்கிறவர் எல்லாரும் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார்கள். ஒரு நாள் டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலி போகும். இலவச ஆஸ்பத்திரி அப்போது இலவசம் இல்லை. தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கமே நகரத்து நிலையங்களுக்கு மாலை நேரத்தைப் பரிந்துரைக்கிறது. எல்லா நாளும் மாற்றச் சொல்லி மனுப் போட்டால் ஊழியர் எதிர்ப்பு வரும், நியாயமானதும்தான். மாலை இருட்டிய பிறகு சிஸ்டர் எப்படி வீடு போவார்? வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 12 முதல் 8 என்று கேளுங்கள். கேட்கும் முன் இரண்டு வாரம் மணிக்கு மணி வருகைக் கணக்கு எடுங்கள், கூடவே அதே ஏரியாவில் மாலை ஆறு மணிக்குத் தனியார் கிளினிக் வாசலில் எத்தனை பேர் என்றும் எண்ணுங்கள். அந்த இரண்டு எண்களும் மனுவின் முதல் வரியில் இருக்கட்டும்.

இருக்கிற நேரத்தையும் பங்கு போடலாம். ஆறு மணி நேரத்தில் 80 பேர் என்றால் ஆளுக்கு நாலரை நிமிடம். அதில் 30 பேர் மாத்திரை மட்டும் வாங்க வந்தவர்கள். அவர்களுக்குத் தனி வரிசை வைத்து, சிஸ்டர் பிபி பார்த்து அட்டையில் எழுதி, அளவு சரியாக இருந்தால் டாக்டர் இரண்டு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். மீதி 50 பேருக்கு ஆளுக்கு ஆறு நிமிடம் கிடைக்கும். குழந்தையின் நெஞ்சைச் சட்டை கழற்றிப் பார்க்க அந்த ஒன்றரை நிமிடம்தான் வேண்டியிருந்தது.

தடுப்பூசிப் பெட்டி

இதில் தவறு நடந்தால் வெளியே தெரியாது. ஊசி போட்டது போலத்தான் இருக்கும், பலன் இருக்காது. குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், நாளுக்கு இரண்டு முறை, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, எழுத வேண்டும். சூடாவதைவிட உறைந்துபோவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டிடி ஊசிகள் உறைந்தால் கெட்டன. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேராகக் கேரியரில் வைப்பதுதான் வழக்கமான காரணம். வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருந்து, பிறகு வையுங்கள். பிசிஜி, எம்ஆர் தடுப்பூசி மருந்துகள் கலக்கிய நாலு மணி நேரத்தில் தூக்கி எறிய வேண்டியவை. குப்பியில் கலக்கிய நேரம் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், வேறு எதுவும் கேட்க வேண்டாம். கரண்ட் போனால் மூடியைத் திறக்காதீர்கள். சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் அந்தப் பெட்டிக்குள் இருந்தால், அந்த நிலையத்தின் மற்றக் கணக்குகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சமிதியும் பணமும்

இன்னதற்குத்தான் என்று கட்டிப்போடாத சிறு நிதி (அன்டைட் ஃபண்ட்) நிலையத்துக்கு உண்டு. தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தில் அரசுக் கட்டடத்தில் இயங்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 1.75 லட்சம், வாடகைக் கட்டடத்துக்கு 1 லட்சம், மகளிர் ஆரோக்கிய சமிதிக்கு 5,000 என்பது விதிமுறை அளவு. கையில் வருவது இதைவிடக் குறையலாம், தாமதமாகவும் வரும். பிப்ரவரியில் வந்து மார்ச் 31-க்குள் செலவழிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்: பேனர், நாற்காலி, பூத்தொட்டி. அதனால் ஆண்டுத் தொடக்கத்திலேயே, ஏப்ரல் கூட்டத்தில், விலையோடு ஒரு பட்டியலைத் தீர்மானமாக எழுதி வையுங்கள். எங்கள் வரிசை இது: தீர்ந்துபோன மருந்தை அவசரத்துக்கு வெளியே வாங்க ஒரு பங்கு, இன்வெர்ட்டர் பேட்டரி, பெரிய கஃப், பரிசோதிக்கும் இடத்துக்குத் திரை, பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. டிவி கடைசியில்.

மகளிர் ஆரோக்கிய சமிதி 50 முதல் 100 வீட்டுக்கு ஒன்று. ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் கூடிக் கையெழுத்து மட்டும் போடும் சமிதிகளுக்குக் கைவேலை ஒன்று கொடுங்கள். வராதவர் பட்டியலில் தங்கள் தெருப் பெயர்களைச் சரிபார்ப்பது போதும்.

கூட்டக் குறிப்பைக் கன்னடத்தில் எழுதுங்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு வாயால் சொல்லிக் கையெழுத்து வாங்கலாம், ஆனால் மேலே போகும் தாள் கன்னடத்தில் இருந்தால்தான் நகரும். அதேபோல, நிலையத்தில் தமிழ்ப் பலகை வேண்டும் என்று மனுக் கொடுப்பதில் எங்களுக்கு ஆர்வமில்லை. அது மொழிச் சண்டையில் போய் முடியும், பாட்டிக்கு மாத்திரை புரியாமலே இருக்கும். கவரின் மேல் சூரியன் வரைந்தால் காலை, நிலா வரைந்தால் ராத்திரி, தட்டு வரைந்தால் சாப்பிட்ட பிறகு. தமிழ், தெலுங்கு, உருது, இந்தி எல்லாருக்கும் அது ஒன்றே. படம் வரைந்து கொடுத்துவிட்டு, “எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க பாட்டி” என்று திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

மேலே எழுதுவது

முதலில் மருத்துவ அலுவலர், அடுத்து மாநகராட்சியின் சுகாதார அதிகாரி. 104 உதவி எண்ணிலும் புகார் பதியலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குப் பதில் வராதபோது தகவல் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டால் அல்லது பதில் போதாவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கர்நாடக விதிப்படி மனு 150 சொல்லுக்குள், ஒரே பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். மருந்து, காலிப்பணியிடம், நிதி மூன்றையும் ஒரே மனுவில் கேட்டால் இதைக் காட்டியே திருப்பிவிடுவார்கள். “ஏன் மருந்து இல்லை?” என்று கேட்காதீர்கள், காரணம் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. இப்படிக் கேளுங்கள்: “இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன நிலையம் அம்லோடிபின் 5 மி.கி.க்கு அனுப்பிய இண்டென்ட்களின் நகல். ஒவ்வொன்றுக்கும் வழங்கிய அளவு, தேதி.” பதிவேட்டில் இருப்பதைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அந்த நகலில்தான் இண்டென்ட் குறைவாகப் போனதா, போனது வரவில்லையா என்பது தெரியும்.

காலிப்பணியிடத்துக்கும் இதே வழிதான். “லேப் டெக்னீஷியன் இல்லை” என்பது புகார். “இன்ன தேதி முதல் காலி, அதற்கு முந்தைய மாதம் இத்தனை ரத்தப் பரிசோதனை நடந்தது, அதன் பிறகு இத்தனை பேர் வெளியே அனுப்பப்பட்டார்கள்” என்பது கோப்பில் ஏறும். இருக்கிற சிஸ்டர் மேல் கோபத்தைக் காட்டாதீர்கள்; பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருப்பவர், இரண்டு ஆள் வேலையும் ஏழெட்டுப் பதிவேடும் அவர் தலையில்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் திரும்பி வருவதும்

பவ்ரிங்குக்கு அனுப்பும் சீட்டில் என்ன சந்தேகம், என்ன மருந்து கொடுத்தோம், கடைசி பிபி, சுகர் என்ன என்று நாலு வரி இருக்கட்டும். வெறும் “மேல் சிகிச்சைக்கு” என்று எழுதினால் அங்கே முதலிலிருந்து எல்லா டெஸ்டும் எடுப்பார்கள். சீட்டின் கீழ்ப்பாதியை, அங்கே என்ன செய்தார்கள் என்று எழுதித் தர காலியாக விடுங்கள். எழுதித் தருவார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் தாளைப் பிளாஸ்டிக் கவரோடு நிலையத்துக்கு எடுத்து வரச் சொல்வதுதான் நடைமுறையில் பலிக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்பியதோடு நிறுத்தாமல், அட்டைப் பெட்டியில் அவருக்கும் ஓர் அட்டை போட்டு ஒரு வாரத்துக்குப் பிந்தைய தேதியில் வையுங்கள். காசநோய் என்று உறுதியானவருக்குச் சிகிச்சை முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி உண்டு. வங்கிக் கணக்கு ஆதாரோடு இணையாததால் அது நிற்பது அதிகம், ஆஷா கூடப் போய் வங்கியில் சரிசெய்துவிட்டால் வரும்.

டாக்டர் மாறும்போது

கட்டி எழுப்பியதெல்லாம் சரிவது பெரும்பாலும் மருத்துவ அலுவலர் மாற்றலாகிப் போகும் மாதத்தில்தான். அதற்காக ஒரு பக்கத் தாள் எப்போதும் தயாராக இருக்கட்டும். அதில் எழுத வேண்டியவை: பத்து மருந்துகளின் சரியான மாதத் தேவை, எந்த மீதியில் இண்டென்ட் போட வேண்டும் என்ற எண், பதிவான பிபி, சுகர் நோயாளிகள், அதில் வராதவர்கள், கட்டுப்பாட்டில் இருப்பவர்கள், காலியான பணியிடங்களும் காலியான தேதியும், கிடங்குக்கும் மேலதிகாரிக்கும் எழுதி இன்னும் பதில் வராத கடிதங்களின் தேதி, சமிதியின் வங்கி மீதி, கையெழுத்து உரிமை யார் பெயரில் என்பது. கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள். பழைய டாக்டரின் கையெழுத்தோடு வங்கிக் கணக்கு முடங்கினால் புதியவர் பெயர் ஏற மாதக்கணக்கில் ஆகும். அவர் பொறுப்பேற்ற வாரத்திலேயே சமிதியைக் கூட்டித் தீர்மானம் எழுதி, அதன் நகலோடு ஒரு உறுப்பினர் அவருடன் வங்கிக்குப் போய்வர வேண்டும்.